முகட்டில் இரண்டு விரல்

07.10.2025, செவ்வாய்.
இன்றைய பிழை: தண்ணீர் சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைத்து மூன்றாம் தகரத்தில் தார்த்துணி ஒட்டினேன். மூன்றாம் தகரத்தில் ஓட்டையே இல்லை. அரை டப்பா தார் வீண்.
நாளை: ஓட்டை எங்கே என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பிறகுதான் ஒட்ட வேண்டும்.

எழுதியதை இரண்டு முறை படித்த தமிழ்மதிக்கு 'அரை டப்பா' என்பதில் சந்தேகம் வந்துவிட்டது. எழுந்துபோய்த் தார் டப்பாவைத் திறந்து, குச்சியை விட்டு அளந்து பார்த்தாள். அரைக்குக் கொஞ்சம் குறைவு. திரும்பி வந்து 'ஏறக்குறைய' என்று முன்னால் சேர்த்த பிறகுதான் நோட்டை மூட மனசு வந்தது.

பூண்டி மலைக்கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு நடக்கும் வகுப்புக்காக எழுதுகிற நாட்குறிப்பு அது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுக் காட்டு வேலைக்குப் போன ஏழு பேர் அங்கே பன்னிரண்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்குப் படிக்கிறார்கள். திருமலைச்சாமி சார் முதல் நாளே சொல்லிவிட்டார். "எழுதுனாத்தான் கை பழகும். தெனமும் தேதி போடுங்க. அன்னைக்குச் செஞ்ச ஒரு தப்ப எழுதுங்க. மறுநா செய்ய வேண்டியத எழுதுங்க. அம்புட்டுத்தான்." மற்ற ஆறு பேரும் சனிக்கிழமை வகுப்புக்கு முன்னால் மரத்தடியில் உட்கார்ந்து, அந்த வாரத்துக்கு வேண்டிய தப்புகளை ஒன்றாகச் சேர்ந்து கற்பனை செய்வார்கள். தமிழ்மதிக்குக் கற்பனை தேவைப்பட்டதே இல்லை. இருபத்திரண்டு வயதில் ஒரு நாளைக்கு ஒரு தப்புதான் எழுத இடம் என்பதே அவளுக்குக் குறையாக இருந்தது.

ஆனால் கூரை விஷயம் நோட்டில் எழுதிவிட்டுத் தூங்குகிற விஷயமில்லை. அவர்கள் வீட்டு அடுப்படிக்கு மேலே, மூங்கில் பரப்பிய பரணில், அறுபத்து நான்கு கட்டுப் பூண்டு தொங்கிக்கொண்டிருந்தது. தாளோடு பிடுங்கி, ஐம்பது ஐம்பதாகக் கட்டி, கம்பில் தலைகீழாகத் தொங்கவிட்ட விதைப்பூண்டு. கீழே அடுப்பு எரிய எரிய, புகை மூங்கில் இடுக்கு வழியாக ஏறிப் பூண்டின் தோலைப் பழுப்பாக்கும். அப்படிப் புகை குடித்த பூண்டுதான் மறுபோகம் வரைக்கும் கெடாமல் நிற்கும். தீபாவளி முடிந்ததும் அதைப் பல் பல்லாகப் பிரித்து மண்ணில் ஊன்றுவார்கள். அது காய்ந்திருக்க வேண்டும். ஈரம் பட்டால் அழுகும், இல்லையென்றால் நாளுக்கு முன்னால் முளைத்துத் தொலைக்கும்.

போன வருஷம் கூரை ஒழுகிப் பாதி விதை அழுகிப்போனது. மிச்சத்தை ஊன்றி எடுத்ததுதான் இந்த அறுபத்து நான்கு. அப்பா பொன்னுவேல் ஆவணியில் கேரட் மூட்டையோடு வரப்பில் சறுக்கிக் காலில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது தமிழ்மதியைக் கூப்பிட்டு, வீட்டுக்கு மேலே சரிவில் இருந்த பூண்டுப் பாத்தியைக் கைகாட்டிச் சொன்னார்: "மேப்பாத்தி இந்த வருசம் ஒம் பொறுப்பு தாயி. வெதயும் ஒம் பொறுப்பு. இதும் போச்சுன்னா பூண்டு போதும். பாக்கெட்டு வெத வாங்கிக் கேரட்டப் போட்டுட்டுப் போயிருவோம்."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அவளுக்குப் பயம் கூடியது. தன் பொறுப்பில் கொடுத்த எதுவும் உருப்படாது என்று அவளுக்கு ஓர் எண்ணம் உண்டு. அதற்கான ஆதாரம் நோட்டில் தேதி வாரியாக இருந்தது.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு மேகம் விலகி வெயில் அடித்தது. இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும் என்று கணக்குப் போட்டவள், அம்மா சோலையம்மாளிடம் அடுப்பில் ரெண்டு பச்சை விறகை வைத்துப் புகையச் சொல்லிவிட்டுப் பரணுக்கு ஏறினாள். சின்ன ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டாள். ஏறி வந்த வழியைப் பலகையால் மூடினாள். இருட்டில் ஓட்டை இருந்தால் வெளிச்சம் காட்டிக் கொடுக்கும் என்பதுதான் அவளுடைய யோசனை. அதற்கு மேல் அவள் எதையும் எதிர்பார்க்கவில்லை.

கண் இருட்டுக்குப் பழகியது. முதலில் ஒன்று தெரிந்தது. பிறகு மூன்று. பிறகு எண்ண வேண்டியதாயிற்று. தகரத்தின் ஆணித் துளைகளிலிருந்து புகைக்குள் வெளிச்சம் கம்பி கம்பியாக இறங்கி நின்றது. கையை நீட்டினால் பிடித்துவிடலாம் போல அவ்வளவு நேராக, அவ்வளவு திடமாக இருந்தது. புகை அந்தக் கம்பிகளுக்குள் மட்டும் நெளிந்துகொண்டிருந்தது. வெளியே அதே புகை இருப்பதாகவே தெரியவில்லை.

ஒவ்வொரு கம்பியும் மூங்கில் மேல் பரப்பியிருந்த பாயில் போய் விழுந்த இடத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம் இருந்தது. தமிழ்மதி மண்டியிட்டுப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி மேலே அந்த ஆணித் துளைகளைப் பார்த்தாள். ஒன்று கிழிந்து கோடாக இருந்தது. ஒன்று முக்கோணம். ஒன்றின் ஓரம் துருப்பிடித்துப் பல் பல்லாக இருந்தது. கீழே விழுந்ததோ எல்லாமே வட்டம். ஒன்றுகூடக் கோணல் இல்லை.

அப்போது ஒரு வட்டத்தின் ஓரம் மங்கியது. யாரோ கடித்த மாதிரி ஒரு பக்கம் குறைந்தது. பக்கத்து வட்டமும் அதே பக்கத்தில் குறைந்தது. பாயில் இருந்த எல்லா வட்டங்களும் ஒரே நேரத்தில், ஒரே அளவில், மெல்லத் தேய்ந்தன. ஒரு நிமிஷம் எதுவும் இல்லை. பிறகு முதலில் குறைந்த அதே ஓரத்திலிருந்து மெல்ல வளர்ந்து மறுபடி முழு வட்டமாயின.

அவள் எழுந்தாள். சாக்கை விலக்கி வெளியே எட்டிப் பார்த்தாள். சூரியனுக்கு முன்னால் ஒரு மேகத்துண்டு கிழக்கே போய்க்கொண்டிருந்தது. பாயில் அது மேற்கே போயிருந்தது. பாயில் கிடந்தவை வெறும் வெளிச்சப் புள்ளிகள் இல்லை. ஒவ்வொன்றும் சூரியன். ஆணித் துளை அளவு சந்து கிடைத்ததும் அத்தனை பெரிய சூரியன் உள்ளே வந்து, தலைகீழாக, ஒரு பழைய பாயில் படுத்துக் கிடந்தது.

"அம்மா, வெரசா மேல வாயேன்."

"என்னாடி, விழுந்து தொலைச்சியா?"

"இல்லம்மா. வந்து பாரு."

"எனக்கு வேற சோலி இல்ல பாரு, பரணு மேல ஏறி வேடிக்க பாக்க." திட்டிக்கொண்டேதான் சோலையம்மாள் ஏணியில் ஏறி வந்தாள். பலகையை மூடியதும் அவள் திட்டு நின்றது. பிறகு ஒரு வட்டத்தின் மேல் உள்ளங்கையை நீட்டினாள். வெளிச்சம் கைக்கு ஏறிக்கொண்டது. கையை மூடினாள். திறந்தாள்.

"சுடவே இல்லடி," என்றாள் சின்னக் குரலில். "இம்புட்டு நாளும் இது இங்கனயா கெடந்துச்சு?"

இறங்கும்போது மறுபடி பழைய சோலையம்மாள் ஆகிவிட்டாள். "எல்லாம் சரி. இம்புட்டு ஓட்டையா வச்சிருக்கோம் கூரையில!"

மொத்தம் பதினேழு. தமிழ்மதி துடைப்பத்திலிருந்து பதினேழு குச்சிகளை உருவி, ஒவ்வொரு துளையிலும் உள்ளிருந்து ஒன்றைச் செருகினாள். வெளியே ஏணி போட்டு ஏறியபோது கூரை முழுக்கக் குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருந்தது. தேட வேண்டிய வேலையே இல்லை.

அண்ணன் செல்வமுருகன் காய்கறி ஏற்றிய பிக்கப்பை ராத்திரியெல்லாம் மலையிறக்கிவிட்டு, அப்போதுதான் வீடு திரும்பிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலில் நின்றான். "என்னடி இது, கூரைல முள்ளம்பன்னி வளக்குறியா?"

"ஒழுகுற எடம்ணே. எல்லாத்துக்கும் அடையாளம் வச்சிருக்கேன்."

"அடையாளம் வைக்கிறதுல உன்ன அடிச்சுக்க ஆள் கெடையாது. ஒட்டுறதுலதான் கோட்ட விட்டுர்ற." சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டான்.

குச்சியை உருவுவதும் தாரைத் தடவுவதும் துணியை ஒட்டுவதுமாக மதியம் வரை ஆயிற்று. பதினேழும் முடிந்தபோது அவள் கண்ணில் பதினெட்டாவது பட்டது. உண்மையில் அது எப்போதும் அங்கேதான் இருந்தது. இரண்டு பக்கச் சரிவுத் தகரமும் உச்சியில் ஒன்றையொன்று தொடவில்லை. நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு வீட்டு நீளம் முழுக்க ஒரு சந்து. அதன் மேல் கவிழ்த்த முகட்டுத் தகரமும் சரியாக உட்காராமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் புல்லைப் பிரித்துவிட்டுத் தகரம் மாற்றியபோது வேலை பார்த்த ஆள் செய்த காரியம் அது. "அளக்கும்போது அவங் கண்ணு எங்க மேஞ்சுச்சோ," என்று அப்பா மழைக்கு மழை அந்த ஆளை வைவார். காற்றடித்தால் அந்த வழியாகச் சாரல் உள்ளே வருவதும் உண்மைதான்.

பதினேழை அடைத்தவள் இதை விடுவாளா? முகட்டுத் தகரத்துக்கு அடியில் சாக்கைச் சுருட்டித் திணித்து, இரண்டு ஓரத்திலும் தார்த்துணியை நீளமாக ஒட்டி, தட்டிப் பார்த்து, சந்தேகம் வந்து மறுபடி ஒரு வரிசை ஒட்டினாள்.

அன்று சாயங்காலம் பிடித்த மழை விடியும் வரை கொட்டியது. வியாழன் காலை அவள் படபடப்போடு பரணில் ஏறிப் பாயைத் தடவினாள். காய்ந்திருந்தது. மூலைக்கு மூலை போய்த் தடவினாள். ஒரு சொட்டு இல்லை.

"ஆச்சாத்தா?" கீழேயிருந்து அப்பா கேட்டார்.

"ஒரு சொட்டு கூட இல்லப்பா."

"பாத்தியா? நீதான் பயந்து சாகுற," என்றார் பொன்னுவேல், ஊருக்கே கேட்கிற மாதிரி.

அன்று வகுப்பில் அவள் நோட்டில் தேதி மட்டும்தான் இருந்தது. திருமலைச்சாமி சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "என்னம்மா, இன்னைக்குத் தப்பே இல்லையா?"

"தேடிப் பாத்தேன் சார். கெடைக்கல."

வகுப்பு சிரித்தது. "சரி, எடத்த விட்டு வை," என்றார் அவர். "அப்பறமாக் கெடைச்சாலும் கெடைக்கும்." அவர் விளையாட்டுக்குச் சொன்னதை அவள் அப்படியே செய்தாள். இரண்டு வரிக்கு இடம் விட்டாள்.

வெள்ளிக்கிழமை நாள் முழுக்க வெயில். மேகம் பேருக்குக்கூட இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு, குளிர் இறங்கத் தொடங்கிய நேரத்தில், சோலையம்மாள் அடுப்பைப் பற்ற வைத்தாள். வகுப்புக்குக் கிளம்பும் முன் கட்டுகளைத் திருப்பி விட்டுவிட்டுப் போகலாம் என்று தமிழ்மதி பரணில் ஏறினாள். முதல் கட்டில் கை வைத்தபோது பிடரியில் சில்லென்று ஒரு சொட்டு விழுந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இன்னொன்று தோளில். இன்னொன்று பாயில், டப் என்று.

இறங்கி வாசலுக்கு ஓடினாள். வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஏணி வைத்து ஏறிக் கூரைத் தகரத்தைத் தடவினாள். கையில் புழுதி ஒட்டியது. வெளியே புழுதி, உள்ளே மழை.

மறுபடி பரணுக்கு வந்து டார்ச்சு லைட்டை மேலே அடித்தாள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தகரத்தின் அடிப்பக்கம் முழுக்கத் துளிகள். ஓட்டை இருந்த இடம், இல்லாத இடம் என்ற பேதமே இல்லை. ஆயிரம் இருக்கும், பத்தாயிரம் இருக்கும், முதன்முறையாக அவளுக்கு எண்ணத் தோன்றவில்லை. ஒவ்வொரு துளிக்குள்ளும் டார்ச்சு வெளிச்சம் ஒரு பொட்டாக உட்கார்ந்திருந்தது. அவள் டார்ச்சை அசைத்தால் அத்தனை பொட்டுகளும் அசைந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு துளிகள் ஒன்றையொன்று இழுத்து ஒன்றாகி, கனம் தாங்காமல் விழுந்தன. விழுந்தது பூண்டின் மேல்.

அவள் ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்தாள். அடித்தட்டில் வெள்ளையாக, அரிசி முனை அளவு, வேர் எட்டிப் பார்த்தது.

சத்தம் கேட்டு ஏறி வந்த சோலையம்மாள் தலையில் ஒரு சொட்டு வாங்கிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "மழையில்லாம தண்ணியா? வேலப்பா! ஒனக்கு முடி எறக்குறேன்னு சொல்லி மூணு வருசமா ஏய்ச்சதுக்கா இது?"

"யாரு முடியம்மா?" கீழே பிக்கப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்த செல்வமுருகன் கேட்டான்.

"ஒன் முடிதாண்டா."

"அப்ப எந் தலைல ஒழுகணும். பூண்டு என்ன பண்ணுச்சு?"

தமிழ்மதிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு விரலால் தகரத்திலிருந்து ஒரு துளியைத் தொட்டு நாக்கில் வைத்தாள். கரிப்பும் புகையும் அடித்தது. அதற்கு அடியில், சந்தேகமே இல்லாமல், பூண்டு.

"அம்மா, மழத் தண்ணி பூண்டு வாசம் அடிக்குமா?"

"என்னமோ பேய் பிடிச்ச மாதிரிப் பேசாத."

இது மேலேயிருந்து வந்த தண்ணீர் இல்லை என்பது வரைக்கும்தான் அவளுக்குத் தெரிந்தது. அதற்கு மேல் நம்ப அவளுக்கு அத்தாட்சி வேண்டும். நன்றாகக் காய்ந்திருந்த ஒரு கட்டைத் தேர்ந்தெடுத்துத் துணியால் துடைத்தாள். கீழே எடுத்து வந்து, கேரட் போட வாங்கிய புது பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, வாயை நூலால் இறுகக் கட்டினாள். அடுப்படிக்கு வெளியே, புகையும் சொட்டும் எட்டாத நடு அறை ஆணியில் தொங்கவிட்டாள். அன்று வகுப்புக்குப் போகவில்லை. அவள் போகாத முதல் நாள் அது.

சனிக்கிழமை வெள்ளனே எழுந்து முகம்கூடக் கழுவாமல் பையைப் போய்ப் பார்த்தாள். பையின் உள்பக்கம் முழுக்கப் பனித்திருந்தது. விரலால் சுண்டினாள். முத்து முத்தாகத் திரண்டு வழிந்து அடியில் சேர்ந்தது. வாயை அவிழ்த்து ஒரு தேக்கரண்டியில் வடித்துப் பார்த்தாள். அரைக் கரண்டி.

ஐம்பது பூண்டுக்கு ஒரு ராத்திரியில் அரைக் கரண்டி. காய்ந்து சருகாகி, உரசினால் தாள் மாதிரிச் சத்தம் போடுகிற பூண்டு. ஆவணியில் பிடுங்கித் தலைகீழாகக் கட்டிப் புகையில் போட்டு, செத்தது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிற பூண்டு. அது மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட மூவாயிரத்து இருநூறு மூச்சுகளுக்கு அடியில்தான் அவர்கள் இத்தனை நாளும் சோறு தின்றிருக்கிறார்கள். தமிழ்மதி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

அந்த மூச்சு இத்தனை நாளும் எங்கே போனது? அதுதான் பிடிபடவில்லை. யோசித்தபடியே மாட்டுக்குப் புல் அறுக்க மேப்பாத்திக்கு ஏறினாள். பாதி ஏற்றத்தில் பக்கத்து வீட்டுப் பாப்பம்மாள் குடத்தோடு எதிரே வந்தாள்.

"என்னத்தா, ஒங்க வீட்ல அடுப்பு பத்த வைக்கிறதில்லையா? ரெண்டு மூணு நாளா முகட்டுல புகையக் காணோம். ஓட்டல் சாப்பாடா? மக சம்பாரிக்கப் போறான்னு ஒங்காத்தா இப்பவே கால நீட்டிட்டாளா?"

தமிழ்மதி திரும்பிப் பார்த்தாள்.

கீழே ஊர் முழுக்கத் தெரிந்தது. பள்ளத்தாக்கில் மஞ்சு கட்டி நின்றது. அதற்கு மேலே கூரைகள். சூரியன் எதிர் மலையைத் தாண்டி முதல் கதிரை நீட்டிய நேரம். ஒவ்வொரு வீட்டின் முகட்டிலிருந்தும் வெள்ளையாக ஒரு இழை எழுந்தது. புல் வேய்ந்த பழைய வீடுகளில் கூரை முழுக்க ஆவி கசிந்தது, குளித்துவிட்டு வந்த மாட்டின் முதுகு மாதிரி. தகரம் போட்ட வீடுகளில் முகட்டில் மட்டும், கோடாக. அடுப்புப் புகை நீலமாக இருந்தது. அதற்குள் கலந்து வந்த வெள்ளை வேறு. அது கனமில்லாமல், அவசரமில்லாமல் எழுந்து, வெயில் பட்டதும் ஒரு கணம் பொன்னாகிக் கரைந்தது. நாற்பது வீடு, ஐம்பது வீடு. ஒவ்வொரு வீட்டுப் பரணிலும் பூண்டு. ஊரே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து தினமும் காலையில் அவள் பார்த்த காட்சிதான். புகை என்று பெயர் வைத்துவிட்டு அதற்கப்புறம் பார்க்கவே இல்லை.

நடுவில் ஒரே ஒரு கூரையில் மட்டும் எதுவும் இல்லை. தார்த்துணி கறுப்பாக மின்ன, வாயைப் பொத்தின மாதிரி இருந்தது. அது அவர்கள் வீடு.

அரிவாளோடு இறக்கத்தில் ஓடியவளைப் பார்த்துப் பாப்பம்மாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். "அடியே, ஒரு பேச்சுக்குச் சொன்னேண்டி!"

ஏணி அங்கேயே சாத்தியிருந்தது. தமிழ்மதி முகட்டில் ஒரு காலை இந்தப் பக்கமும் ஒரு காலை அந்தப் பக்கமும் போட்டு உட்கார்ந்து, தார்த்துணியை அரிவாள் நுனியால் நெம்பிக் கிழித்தாள். சாக்கின் ஒரு முனை கிடைத்தது. இழுத்தாள். நனைந்து கனத்திருந்த சாக்கு, திணித்த நீளம் முழுக்க வெளியே வந்தது.

சந்திலிருந்து அது எழுந்தது. வெதுவெதுப்பாக அவள் முகத்தில் பட்டு, கண் இமையில் ஈரம் படிய, காதோரம் தாண்டிப் போனது. புகையும் பூண்டும் மூங்கிலும் கலந்த வாசம். நீளமான முகட்டின் இரண்டு கோடியிலும் ஒரே நேரத்தில் வெள்ளைச் சுவர் மாதிரி எழும்பி, வெயிலைப் பிடித்துக்கொண்டு நின்றது. மூன்று நாள் அடக்கி வைத்த மூச்சு. அவள் அதற்குள் உட்கார்ந்திருந்தாள். தன் கையே தனக்குத் தெரியவில்லை. பயமும் இல்லை. ஒரு பெரிய, பொறுமையான பிராணியின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. அவள் தப்பு செய்திருந்தாலும் அது அவளை உதறவில்லை.

வாசலில் கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்த பொன்னுவேல் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ஏத்தா! என்ன அது? தீப்பிடிச்சிருச்சா?"

"இல்லப்பா. ஆவி. பூண்டு விடுற ஆவி. அதுக்கு வழி இருந்துச்சு. நாந்தான் அடைச்சுட்டேன். அதான் குளுந்த தகரத்துல பட்டுத் தண்ணியாச் சொட்டுச்சு."

அவள் இறங்கி வந்து பையைக் காட்டினாள். கரண்டியைக் காட்டினாள். ஓட்டைகளோடு சேர்த்து முகட்டையும் அடைத்ததை, யாரையும் கேட்காமல் அடைத்ததை, ஒன்றும் மிச்சம் வைக்காமல் சொன்னாள். வசவுக்குத் தயாராக நின்றாள். பொன்னுவேல் முகட்டை நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு வருசமா அந்த ஆள வைஞ்சுக்கிட்டிருந்தேனே," என்றார். "அவன் வேணும்னுதான் விட்டானா? இல்ல, அளவு தெரியாமத்தான் விட்டானா?"

"எப்பிடி விட்டிருந்தாலும் வைஞ்ச வசவ இனித் திருப்பி வாங்க முடியாதுப்பா," என்றான் அப்போது பிக்கப்பிலிருந்து இறங்கிய செல்வமுருகன்.

"வெத?" என்றார் அப்பா, மகளைப் பார்த்து. அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவள் நேற்றுச் சாயங்காலத்திலிருந்து பயந்துகொண்டிருந்தாள்.

கட்டு கட்டாக இறக்கி எல்லாருமாக உட்கார்ந்து பார்த்தார்கள். ஐம்பத்து நான்கு கட்டுகளில் பழுதில்லை. மேல் தோல் ஈரம், காய்ந்துவிடும். ஒன்பது கட்டுகளில் வேர் வெளியே வந்திருந்தது. அழுகல் இல்லை.

"இந்த ஒம்பதும் தீவாளி வர தாங்காது," என்றாள் சோலையம்மாள். "தொவையலுக்கு வச்சுக்கிறலாம். வேற என்ன செய்ய?"

தமிழ்மதி ஒரு பூண்டைப் புரட்டிப் பார்த்தாள். வேர் முனை வெள்ளை வெளேரென்று, எங்கோ போக வேண்டும் என்கிற மாதிரி நீண்டிருந்தது. "நாள் கெழமையெல்லாம் நமக்குத்தானம்மா. அது கெளம்பிருச்சு. ஊனிருவோம்."

"மழ இன்னும் விடலியே?"

"தண்ணி வந்துருச்சுன்னு நெனச்சுத்தான வேரு விட்டிருக்கு. பாத்தி மேட்டுல வச்சா நிக்காதாப்பா?"

பொன்னுவேல் மாவுக்கட்டைத் தடவிக்கொண்டார். "ஒம் பாத்தி. நீ சொல்லு," என்றார்.

அவள் மலைப் பக்கம் திரும்பினாள். மேப்பாத்தியின் மேட்டு வரிசைகளை மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். இரண்டாம் தடவை எண்ணினாள். "ஊனுவோம்," என்றாள்.

மதியம் செல்வமுருகன் தூக்கத்தை விட்டுவிட்டு அவளோடு கூரை ஏறினான். முகட்டுத் தகரத்தைக் கழற்றி, முழத்துக்கு ஒரு மரத்துண்டு வைத்து, இரண்டு விரல் உயரத்துக்குத் தூக்கி மறுபடி ஆணி அடித்தார்கள். இரண்டு ஓரமும் சந்தைத் தாண்டி ஒரு சாண் கீழே இறங்குகிற மாதிரி அகலத் தகரம் வைத்தார்கள். மழை வந்தால் வழிந்து போகும், ஆவி வந்தால் பக்கவாட்டில் வெளியேறும். "ஒரு தொப்பிய இம்புட்டு அளந்து மாட்டுன மொத ஆளு நீதாண்டி," என்றான் செல்வமுருகன். ஆனால் ஒவ்வொரு மரத்துண்டுக்கும் இரண்டு விரலை வைத்து அளந்து பார்த்தது அவன்தான்.

நான்கு மணிக்கு மழை வந்தது. தமிழ்மதி பரணில் பாயை விரித்து உட்கார்ந்தாள். தலைக்கு மேலே தகரம் அதிர்ந்தது. கீழே அம்மா அடுப்பைப் பற்ற வைத்தாள். புகை மூங்கில் இடுக்கில் ஏறி, கட்டுகளைச் சுற்றி, அவளைச் சுற்றி, முகட்டுக்குப் போய், மழையில் நனையாமல் வெளியேறியது. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு சொட்டு விழவில்லை. மழைச் சத்தத்துக்கு அடியில் வேறு ஏதாவது கேட்கிறதா என்று காதைக் கொடுத்தாள். கேட்காது என்று தெரியும். ஆனாலும் கேட்டாள்.

வகுப்புக்குப் போகும் முன் நோட்டைத் திறந்து ஒன்பதாம் தேதிப் பக்கத்துக்குப் போனாள். விட்டு வைத்திருந்த இரண்டு வரியில் எழுதினாள்: 'நேற்று செய்த பிழை இன்று எனக்குத் தெரியவில்லை. அதைச் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.' பிறகு புதுப் பக்கம்.

11.10.2025, சனி.
இன்றைய பிழை: கட்டுகளை இறக்கிய அவசரத்தில் ஒன்றை எண்ணாமல் விட்டேன். பிளாஸ்டிக் பையில் இருந்த கட்டு அது. அதையும் சேர்த்தால்தான் அறுபத்து நான்கு. அதிலும் வேர் வந்திருக்கிறது. ஆகவே நல்லது ஐம்பத்து நான்கு, வேர் விட்டது பத்து.
நாளை: வேர் விட்ட பத்துக் கட்டையும் பல் பிரித்து, மேப்பாத்தியின் மேட்டு வரிசைகளில் காலை ஏழு மணிக்குள் ஊன்ற ஆரம்பிக்க வேண்டும்.